பாதியில் வந்தவர் தலைவர் ஆக முடியாதா?

இரவு பத்து மணி. கடையைப் பூட்டியாகிவிட்டது.

கலிபோர்னியாவில் ஒரு மளிகைக் கடை. அங்கே கல்லாவில் வேலை பார்க்கிறாள் ஒரு பெண். வயது 21. பகலில் கல்லூரி. மாலையில் கடை. வீட்டில் அம்மாவும் இரண்டு தம்பிகளும்.

வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, ஒரு மனுவை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறாள். பெரிய பல்கலைக் கழகத்தில் இடமும் உபகாரச் சம்பளமும் கேட்கும் மனு அது.

அதில் ஒரு கேள்வி. "உன் தலைமைத் திறமைக்கு ஓர் உதாரணம் கொடு" என்கிறது.

அந்தப் பெண் யோசிக்கிறாள். "நான் எந்தச் சங்கத்துக்கும் தலைவி இல்லை. எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. மேடை ஏறிப் பேசியதும் இல்லை. எனக்கு ஏது தலைமை?"

மனுவை மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுகிறாள்.

இவள் நான் கற்பனை செய்த பெண்தான். ஆனால் இவளைப் போன்ற பிள்ளைகள் அமெரிக்காவில் ஏராளம். அவள் மனுவை மூடியது தவறு. அவளை மூடும்படி செய்தது அதைவிடப் பெரிய தவறு. இந்த இரண்டு தவறுகளையும் பற்றி இன்று பார்ப்போம்.

மாற்றல் மாணவர் என்பவர் யார்?

அமெரிக்காவில் பட்டப் படிப்பு நான்கு ஆண்டு. பள்ளி முடிந்ததும் நேராகப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்து, நான்கு ஆண்டும் அங்கேயே படிப்பவர்கள் ஒரு வகை.

இன்னொரு வகை உண்டு. முதல் இரண்டு ஆண்டு, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சமுதாயக் கல்லூரியில் படிப்பார்கள். பிறகு பல்கலைக் கழகத்துக்கு மாறி, மூன்றாம் ஆண்டில் சேர்வார்கள். இவர்களைத்தான் மாற்றல் மாணவர்கள் என்கிறோம்.

நம் ஊரில் பாலிடெக்னிக்கில் டிப்ளமா படித்த பையன், பொறியியல் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்கிறான் அல்லவா? கிட்டத்தட்ட அது மாதிரி.

இந்த ஏற்பாடு நேற்று வந்தது அல்ல. 1901-ல் இல்லினாய் மாநிலத்தில், ஜோலியட் என்ற ஊரில், சர்க்கார் பொறுப்பில் இரண்டு ஆண்டுக் கல்லூரி ஒன்று தொடங்கியது. சிகாகோ பல்கலைக் கழகத் தலைவராக இருந்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் அதற்குத் தூண்டுகோலாக இருந்தார். பிள்ளைகள் ஊரை விட்டுப் போகாமல் முதல் இரண்டு ஆண்டைப் படித்து முடிக்கட்டும் என்பது யோசனை.

1947-ல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த கல்விக் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. ஊருக்கு ஊர் இத்தகைய கல்லூரிகள் வேண்டும் என்று அது சொன்னது. 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயர் பரவியதும் அந்த அறிக்கையால்தான்.

1960-ல் கலிபோர்னியா ஒரு பெரிய திட்டம் போட்டது. பள்ளியில் முதல் வரிசையில் தேறிய எட்டில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குக் கலிபோர்னியா பல்கலைக் கழகத்தில் இடம். மூன்றில் ஒரு பங்குக்கு மாநிலக் கல்லூரிகளில் இடம். மற்றவர்களுக்கு? சமுதாயக் கல்லூரியின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும். அங்கே நன்றாகப் படித்தால், இரண்டு ஆண்டு கழித்துப் பல்கலைக் கழகத்துக்கு மாறலாம்.

இன்று அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன.

பணம் எங்கே உதைக்கிறது?

கலிபோர்னியாவில் குடியிருக்கும் மாணவருக்குச் சமுதாயக் கல்லூரியில் ஒரு யூனிட் பாடத்துக்குக் கட்டணம் 46 டாலர். மாற்றல் பெற 60 யூனிட் தேவை. பெருக்கிப் பாருங்கள். இரண்டு ஆண்டுப் படிப்புக்கு 2,760 டாலர். ஏழை மாணவர்களுக்கு அதையும் தள்ளுபடி செய்கிறார்கள்.

பல்கலைக் கழகத்துக்குப் போனால் கதை வேறு. அங்கே படிப்புக் கட்டணம் மட்டும் ஓர் ஆண்டுக்கு 14 ஆயிரம் டாலருக்கு மேல். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தக் கட்டணம் வராமல் செய்ய வழி உண்டு. ஆனால் அறை வாடகை? சாப்பாடு? புத்தகம்? பஸ் கட்டணம்? பெர்க்லி போன்ற ஊரில் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 40 ஆயிரம் டாலரைத் தாண்டிவிடுகிறது.

இதுவரை அம்மா வீட்டில் சாப்பிட்டுப் படித்த பெண், இனி வெளியூரில் வாடகை கொடுக்க வேண்டும். கடை வேலையும் போய்விடும். அவள் சம்பளத்தை நம்பியிருந்த வீட்டுக்கும் நஷ்டம்.

ஆகவே உபகாரச் சம்பளம் என்பது அவளுக்குச் சட்டையில் குத்திக்கொள்ளும் பதக்கம் அல்ல. போகலாமா வேண்டாமா என்பதையே தீர்மானிக்கும் பணம் அது.

கணக்கு என்ன சொல்கிறது? அமெரிக்கா முழுவதும் சேர்த்துப் பார்த்தால், சமுதாயக் கல்லூரியில் சேரும் 100 பேரில் சுமார் 80 பேருக்குப் பட்டம் வாங்க ஆசை இருக்கிறது. பல்கலைக் கழகத்துக்கு மாறுகிறவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். ஆறு ஆண்டுக்குள் பட்டம் பெறுகிறவர்கள் சுமார் 16 பேர்.

80 பேர் ஆசைப்பட்டு, 16 பேர் கரை சேருகிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் மக்குகளா? இல்லை. பணமும், காலமும், வழி சொல்ல ஆளும் இல்லாதவர்கள்தான் அவர்களில் பலர்.

நாற்காலியா, வேலையா?

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். தலைமை என்றால் என்ன?

பல பிள்ளைகள் தலைமை என்றால் நாற்காலி என்று நினைக்கிறார்கள். மாணவர் சங்கத் தலைவர், விளையாட்டுக் குழுத் தலைவர், விவாத சபைச் செயலாளர் என்று ஒரு பட்டம் இருந்தால்தான் தலைமை என்று எண்ணுகிறார்கள்.

அப்படிப்பட்ட நாற்காலியில் உட்காருவதற்கு ஓய்வு வேண்டும். மாலை நேரம் சும்மா இருக்க வேண்டும். ஐந்து மணிக்குக் கடையில் நிற்க வேண்டிய பெண், ஐந்து மணிக்குக் கூடும் சங்கத்துக்கு எப்படித் தலைவி ஆவாள்?

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். பல்கலைக் கழகமே அப்படி நினைக்கவில்லை!

கலிபோர்னியா பல்கலைக் கழகத்தின் மனுவில் மாற்றல் மாணவர் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். ஒன்று கட்டாயக் கேள்வி. எடுக்கப் போகும் பாடத்துக்கு எப்படித் தயார் செய்துகொண்டாய் என்று அது கேட்கிறது. மற்ற மூன்றை ஏழு கேள்விகளிலிருந்து பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பதிலும் 350 சொற்களுக்குள் இருக்க வேண்டும்.

தலைமை பற்றிய கேள்வி அந்த ஏழில் ஒன்று. மற்றவர்களுக்கு நீ நன்மை செய்தது உண்டா, சச்சரவைத் தீர்த்து வைத்தது உண்டா, கூட்டு வேலையில் பங்கு எடுத்தது உண்டா என்று அது கேட்கிறது. தலைமை என்பது பள்ளிக்கூட நடவடிக்கையோடு நிற்பது அல்ல, குடும்பத்தைக் கவனித்துக்கொள்வதும் அதில் சேரும் என்று பக்கத்திலேயே விளக்கமும் கொடுத்திருக்கிறார்கள்.

பதவி இருந்தால்தான் தலைமை என்று அங்கே சொல்லவே இல்லை. அந்தப் பெண் விளக்கத்தைப் படிக்காமல் மனுவை மூடிவிட்டாள். அதைப் படித்துச் சொல்ல அவளுக்கு ஆளும் இல்லை.

அவள் எழுத வேண்டியது என்ன?

அவள் என்ன எழுதியிருக்கலாம்? கேளுங்கள்.

கடையில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் நாலு பேர் மாணவர்கள். பரீட்சை வந்தால் யார் எந்த முறைக்கு வருவது என்று தினமும் சண்டை. இந்தப் பெண் ஒரு தாளை எடுத்தாள். எல்லோருடைய பரீட்சைத் தேதியையும் அதில் எழுதினாள். யாருக்குப் பரீட்சையோ அவருடைய முறையை மற்றவர் எடுத்துக்கொள்வது என்று பேசி முடித்தாள். முதலாளியிடம் காட்டிச் சம்மதம் வாங்கினாள். அந்தப் பருவத்தில் யாரும் பரீட்சையைத் தவற விடவில்லை. கடையும் ஒரு நாள்கூட மூடவில்லை.

இது தலைமை இல்லையா?

அவள் வசிக்கும் தெருவில் ஆங்கிலம் தெரியாத குடும்பங்கள் நாலைந்து. சர்க்காரிடமிருந்து கடிதம் வந்தால் இவளிடம் கொண்டு வருவார்கள். இவள் படித்துச் சொல்லுவாள். பதிலும் எழுதிக் கொடுப்பாள். பிறகு பெரிய தம்பிக்கும் அந்த வேலையைக் கற்றுக் கொடுத்துவிட்டாள். இப்போது அவள் இல்லாவிட்டாலும் வேலை நடக்கிறது.

இதுதான் தலைமை. தான் இல்லாத இடத்திலும் தன் வேலை நடக்கும்படி செய்வதைவிடப் பெரிய தலைமை எது?

ஆகவே மாற்றல் மாணவர்களுக்கு நான் சொல்லும் யோசனை இதுதான்.

முதலாவது, குணத்தை எழுதாதீர்கள். செய்ததை எழுதுங்கள். "நான் பொறுப்பானவள், கடின உழைப்பாளி" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லோரும் அதையேதான் எழுதுகிறார்கள். "ஆறு பேருடைய வேலை முறையை மாற்றி அமைத்தேன்" என்று எழுதினால், படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இரண்டாவது, எண்ணிக்கை சொல்லுங்கள். எத்தனை பேர், எத்தனை மாதம், வாரத்துக்கு எத்தனை மணி என்று எழுதுங்கள். வாரம் 25 மணி வேலை செய்துகொண்டு படித்தவர் என்றால் அதை மறைக்க வேண்டாம். அது வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல.

மூன்றாவது, முன்னால் எப்படி இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், பின்னால் என்ன ஆயிற்று என்று வரிசையாகச் சொல்லுங்கள். 350 சொற்களில் ஒரு கதைதான் அடங்கும். நாலு கதையைத் திணித்தால் ஒன்றும் மனதில் நிற்காது.

நான்காவது, அழுகையோடு நிறுத்தாதீர்கள். கஷ்டத்தைச் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் கஷ்டம் வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதற்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது, பொய் வேண்டாம். இல்லாத சங்கத்துக்குத் தலைவர் ஆகாதீர்கள். ஒரு பொய் வெளியே வந்தால் பத்து உண்மையும் அடிபட்டுப் போகும்.

சிபாரிசுக் கடிதத்துக்கு, பெரிய பதவியில் இருப்பவரைத் தேடி ஓட வேண்டாம். உங்களை நன்றாகத் தெரிந்த ஆசிரியரிடம் போங்கள். சமுதாயக் கல்லூரி வகுப்புகள் பெரும்பாலும் சிறியவை. ஆசிரியருக்கு உங்கள் பெயர் தெரியும். 300 பேர் உட்காரும் கூடத்தில் அந்த வாய்ப்பு இல்லை. இது மாற்றல் மாணவருக்கு உள்ள ஒரு பலம். ஆனால் கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்னால் போய் நிற்காதீர்கள். ஒரு மாதம் முன்னாலேயே கேளுங்கள்.

கதவுகள் எங்கே?

கலிபோர்னியா பல்கலைக் கழகத்தில் 'ரீஜண்ட்ஸ்' உபகாரச் சம்பளம் என்று ஒன்று உண்டு. முதலாண்டு மாணவருக்கு நான்கு ஆண்டும், மாற்றல் மாணவருக்கு இரண்டு ஆண்டும் கொடுப்பது வழக்கம். பெர்க்லியில் பழைய மாணவர் சங்கம், தலைமைத் திறமைக்கென்றே தனியாக உதவிப் பணம் கொடுத்து வந்திருக்கிறது. மாற்றலாகி வருபவர்களும் அதைக் கேட்கலாம்.

ஜாக் கென்ட் குக் அறக்கட்டளை, சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கென்றே தனி உபகாரச் சம்பளம் வைத்திருக்கிறது. ஆண்டுக்கு 55 ஆயிரம் டாலர் வரை கொடுக்கிறது. படிப்பு, பணத் தேவை இவற்றோடு விடாமுயற்சி, தலைமை, பிறருக்குச் செய்த உதவி இவற்றையும் பார்க்கிறார்கள். போட்டி கடுமை. ஆனால் அங்கே போட்டி போடுகிறவர்கள் எல்லோருமே மாற்றல் மாணவர்கள்தான்.

'பை தீட்டா கப்பா' என்று ஒரு கழகம். 1918-ல் தோன்றியது. இரண்டு ஆண்டுக் கல்லூரிகளில் நன்றாகப் படிக்கும் மாணவர்கள் அதில் சேரலாம். அதன் உறுப்பினர்களுக்கென்று பல பல்கலைக் கழகங்கள் தனியாக உபகாரச் சம்பளம் ஒதுக்குகின்றன.

ட்ரூமன் உபகாரச் சம்பளத்தையும் சொல்ல வேண்டும். பொதுச் சேவைக்குப் போக விரும்பும் மூன்றாம் ஆண்டு மாணவர்களில் தலைமைத் திறமை உள்ளவர்களைத் தேடிப் பிடித்து, மேல்படிப்புக்கு 30 ஆயிரம் டாலர் வரை கொடுக்கிறார்கள். ஜனாதிபதி ட்ரூமன் ஞாபகமாக 1975-ல் அமெரிக்கப் பாராளுமன்றம் இதை ஏற்படுத்தியது. ட்ரூமன் யார் தெரியுமா? கல்லூரிப் பட்டம் இல்லாமல் ஜனாதிபதி ஆனவர்களில் கடைசி மனிதர்! இதற்கு ஒவ்வொரு பல்கலைக் கழகமும் நான்கு மாணவர்களை அனுப்பலாம். அதற்கு மேல் மாற்றல் மாணவர்கள் மூன்று பேர் வரை சேர்த்து அனுப்பலாம். விதியே அப்படி இடம் கொடுக்கிறது.

சர்க்கார் உதவிப் பணத்துக்கான பொது மனுவின் பெயர் 'பாஃப்ஸா'. வழக்கமாக அக்டோபர் 1-ந் தேதி திறக்கும். இதற்குக் காசு கிடையாது. பெயரிலேயே 'இலவசம்' என்ற சொல் இருக்கிறது. நிரப்பித் தருகிறேன், நூறு டாலர் கொடு என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள்.

நம் ஊரிலிருந்து பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 46 டாலர் என்பது உள்ளூர்வாசிக்கு உரிய கட்டணம். வெளிநாட்டு மாணவருக்குப் பல மடங்கு அதிகம். சர்க்கார் உதவிப் பணமும் வெளிநாட்டு மாணவருக்குக் கிடையாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகே முடிவு செய்யுங்கள்.

பாதியில் வந்தவர்கள் என்ன ஆனார்கள்?

ஐலீன் காலின்ஸ் என்ற பெண்மணி. நியூயார்க் மாநிலத்தில் எல்மைரா என்ற ஊரில் பிறந்தவர். வீட்டில் வசதி இல்லை. பக்கத்து ஊரான கார்னிங்கில் சமுதாயக் கல்லூரியில் படித்தார். 1976-ல் அங்கே தேறினார். பிறகு சிரக்யூஸ் பல்கலைக் கழகத்துக்கு மாறி 1978-ல் பட்டம் பெற்றார். 1999-ல் விண்வெளி ஓடம் ஒன்றுக்குத் தலைமை தாங்கி வானத்தில் பறந்தார். அப்படித் தலைமை தாங்கிய முதல் பெண் அவர்தான்.

பராக் ஒபாமா 1979-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஆக்சிடென்டல் கல்லூரியில் சேர்ந்தார். 1981-ல் நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக் கழகத்துக்கு மாறினார். 1983-ல் பட்டம். 2008-ல் ஜனாதிபதித் தேர்தலில் வெற்றி. அவரும் பாதியில் வந்த மாணவர்தான்.

இன்னொருவர் கதை சற்று வருத்தமானது. ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பர் இன இளைஞர். தாயார் பிறர் வீடுகளில் வேலை செய்து குழந்தைகளை வளர்த்தார். ராபின்சன் பாசடீனா ஜூனியர் கல்லூரியில் படித்துவிட்டு, 1939-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக் கழகத்துக்கு மாறினார். விளையாட்டில் புலி. ஆனால் 1941-ல், பட்டம் வாங்கக் கொஞ்ச காலமே இருந்தபோது, படிப்பை விட்டுவிட்டார். குடும்பத்துக்குப் பணம் வேண்டியிருந்தது.

1947-ல் இதே ராபின்சன்தான் பெரிய பேஸ்பால் குழுவில் இடம் பெற்று, அந்த ஆட்டத்தில் இருந்த நிறத் தடையை உடைத்தார். நாடே அவரைத் தலைவர் என்று கொண்டாடியது. அந்தத் தலைவர் பட்டம் வாங்காமலே கல்லூரியை விட்டுப் போனவர். இதை மறக்கக்கூடாது.

"இரண்டு ஆண்டுதானே?"

சிலர் ஓர் ஆட்சேபம் சொல்லுகிறார்கள். "முதலாண்டில் சேருபவர் நான்கு ஆண்டு இங்கே இருப்பார். சங்கங்களை நடத்துவார். கல்லூரிக்குப் பெயர் வாங்கித் தருவார். மாற்றலாகி வருபவர் இரண்டு ஆண்டில் போய்விடுவார். அவருக்கு எதற்குத் தலைமை உபகாரச் சம்பளம்?"

இதில் கொஞ்சம் நியாயம் இருப்பது போலத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள்.

கல்லூரி தலைவர்களை உண்டாக்குவது கல்லூரிக்காகவா, நாட்டுக்காகவா? கல்லூரிக்காக என்றால் அவர்கள் சொல்வது சரி. நாட்டுக்காக என்றால், அந்த மாணவர் எத்தனை ஆண்டு வளாகத்தில் இருந்தார் என்பதைக் கணக்குப் பார்க்க வேண்டியது இல்லை.

மேலும், பணம் வீணாகுமா? கலிபோர்னியா பல்கலைக் கழகத்துக்கு மாறி வந்தவர்களில் பத்துக்கு சுமார் ஒன்பது பேர் நான்கு ஆண்டுக்குள் பட்டம் வாங்கிவிடுகிறார்கள். இவர்களை நம்பிப் பணம் போட்டால் பலன் உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னும் சிலர் வேறு விதமாகக் கேட்பார்கள். "கடை வேலையையும் வீட்டு வேலையையும் தலைமை என்று ஒப்புக்கொண்டால், எல்லோரும் தலைவர் ஆகிவிடுவார்களே?"

ஆக மாட்டார்கள். ஆறு பேர் அந்தக் கடையில் இருந்தார்கள். தாளை எடுத்துத் தேதியை எழுதியவள் ஒருத்திதான்.

பல்கலைக் கழகங்கள் செய்ய வேண்டியது

பிள்ளைகளுக்கு மட்டும் யோசனை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால் அது நியாயம் ஆகாது. பல்கலைக் கழகங்களுக்கும் நான் மூன்று விஷயம் சொல்ல விரும்புகிறேன்.

ஒன்று: காலம் கொடுங்கள். மாற்றல் மாணவர் ஆகஸ்டு, செப்டம்பரில் வந்து சேருகிறார். ட்ரூமன் போன்ற பெரிய உபகாரச் சம்பளத்துக்குப் பல இடங்களில் அந்த இலையுதிர் காலத்திலேயே ஆள் பொறுக்கிவிடுகிறார்கள். வந்தவருக்கு நூலகம் எங்கே இருக்கிறது என்றே அப்போதுதான் தெரியும். எந்தப் பேராசிரியரிடம் சிபாரிசு கேட்பார்? ஆகவே இடம் கொடுக்கும் கடிதத்தோடு உபகாரச் சம்பள விவரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பழைய கல்லூரி ஆசிரியரின் கடிதத்தை முழு மதிப்போடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டு: படித்த பாடத்தைக் கழித்துவிடாதீர்கள். அமெரிக்கப் பாராளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2017-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்களைப் பற்றியது அது. எல்லா வகைக் கல்லூரிகளையும் சேர்த்துப் பார்த்தால், அவர்கள் படித்து முடித்த பாடங்களில் சராசரி 43 சதவிகிதம் புதிய இடத்தில் கணக்கில் சேரவில்லை! காசு கொடுத்து, கண் விழித்துப் படித்த பாடம். அதை மறுபடியும் படி என்றால், இரண்டு ஆண்டு உபகாரச் சம்பளம் பட்டம் வரை எட்டுமா? பாதி வழியில் தீர்ந்து போகும். எந்தப் பாடம் எங்கே செல்லும் என்று காட்டும் பொதுப் பட்டியல் கலிபோர்னியாவில் இருக்கிறது. 'அசிஸ்ட்' என்று அதற்குப் பெயர். இத்தகைய பட்டியல் எல்லா மாநிலத்திலும் வேண்டும். மாணவர்களும் முதல் ஆண்டிலேயே அதைப் பார்த்துப் பாடம் எடுக்க வேண்டும்.

மூன்று: மனுவில் கட்டத்தை மாற்றுங்கள். "நீ வகித்த பதவிகள்" என்று பத்துக் கட்டம் போட்டு வைத்தால், பத்துக் கட்டத்தையும் வெறுமையாகப் பார்த்து ஏழைப் பிள்ளை பயந்து ஓடும். "வாரம் எத்தனை மணி வேலை செய்கிறாய்? வீட்டில் யாரைக் கவனித்துக்கொள்கிறாய்?" என்று இரண்டு கட்டம் சேருங்கள். செலவு ஒன்றும் இல்லை. அந்த இரண்டு கட்டம், "உன் வாழ்க்கையும் எங்களுக்குக் கணக்கு உண்டு" என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லும்.

மனுவைத் திற!

கடைசியாக, அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை. அவளைப் போன்ற எல்லாத் தம்பி தங்கைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன்.

அம்மா! நீ வேறு வழியில் நடந்து வந்தாய். அந்த வழியில் மேடு பள்ளம் அதிகம். நடந்து வந்தபோது பக்கத்தில் வந்தவர்களுக்கும் கை கொடுத்தாய். உனக்கு அது சாதாரண வேலையாகத் தெரிகிறது. தினமும் செய்வதால் அப்படித் தெரிகிறது. மனுவைப் படிப்பவருக்கு உன்னைத் தெரியாது. நீ எழுதினால்தான் தெரியும்.

கேட்டுக் கிடைக்காமல் போனால் ஒரு தபால் வரும், "இல்லை" என்று. அவ்வளவுதான். கேட்காமலே இருந்துவிட்டால், அந்த "இல்லை"யை உனக்கு நீயே சொல்லிக்கொண்டது ஆகும். அதற்கு மேல் முறையீடு கிடையாது.

வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், பெற்றோர்களே, நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்கு அந்த மொழி தெரியாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் மகள் என்னென்ன செய்தாள் என்பது அவளைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவள் மறந்துவிட்டதை நீங்கள் சொல்லுங்கள். அவள் எழுதட்டும்.

இன்று இரவும் பத்து மணிக்குக் கடை மூடும். அதற்குப் பிறகு அரை மணி நேரம் போதும். மனுவைத் திற அம்மா, அந்த ஆறு பேரின் தேதிகளை ஒரு தாளில் எழுதினாயே, அதிலிருந்து தொடங்கு!